நீல விளக்கு எரிந்தால் எலி இல்லை

எங்கள் மானேஜர் எலி இல்லை என்று சொன்னால் இல்லை. எலி எதிரே உட்கார்ந்திருந்தாலும் இல்லை.

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். மூன்று மாடி. கீழே சைவ மெஸ். அங்கே நான் ரூம் பாய். நாற்பது தாண்டியும் ரூம் பாய்தான். ஊர் குழித்துறைப் பக்கம். மானேஜர் வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். தினமும் குடையோடு நடந்து வருவார். மழைக்கு விரிப்பார், வெயிலுக்கு விரிப்பார், இரண்டும் இல்லாவிட்டால் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். வெள்ளை அரைக்கைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் ஒரு சந்தனக் கோடு. லாட்ஜில் எல்லாருக்கும் அவர் சாமி. பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எந்த உயிரையும் கொல்லமாட்டார். கையில் கொசு உட்கார்ந்தால் ஊதுவார். அது மற்றக் கைக்குப் போகும். அதையும் ஊதுவார். கொசு அலுத்துப்போய் என்னிடம் வரும்.

கூட்டித் துடைக்கப் பாக்கியம் என்று ஒருத்தி. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். அங்கே கூலி நின்றுபோனதும் மலையிறங்கி வந்தாள். மாடிப்படிக்குக் கீழே அவளுக்கு ஓர் அறை. அதில் அவளும் நர்சிங் படிக்கிற மகளும். வேலை இருக்கிறவரை அறை. அறை இருக்கிறவரை மகளுக்குப் படிப்பு. அவளுக்கு வேறு சொத்து கிடையாது. வாய் மட்டும் உண்டு.

எலி விரட்டுகிற மெஷின் வருவதற்கு முன்னால் கூண்டு வைத்திருந்தார் மானேஜர். எலி விழுந்தால் அதற்கு முதலில் பாதி வடை போடுவார். தின்று முடித்ததும் நான் கூண்டைத் தூக்கிக்கொண்டு கிள்ளியாற்றங்கரைக்குப் போய்த் திறந்துவிட வேண்டும். நான் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். எலி காத்திருக்காது. பெரும்பாலும் எனக்கு முன்னால் லாட்ஜுக்கு வந்து சேர்ந்துவிடும் என்பது பாக்கியத்தின் கட்சி.

"அது வேற எலி. எலின்னா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்," என்பார் மானேஜர்.

ஒரு நாள் பாக்கியம் மகளுடைய நகப்பாலிஷை எடுத்து வந்து, கூண்டுக்கு வெளியே நீண்டிருந்த வாலில் சிவப்பாகப் பூசிவிட்டாள். நான் கொண்டுபோய் விட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து மெஸ் ஸ்டோரில் அரிசி மூட்டைமேல் சிவப்பு வால்.

"சாமி, உங்க ஆளு ஊர்ல இருந்து வந்துட்டாரு. வந்து பாருங்க," என்றாள்.

மானேஜர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"வேற லாட்ஜிலயும் இதே மாதிரி பூசி விடறா போலிருக்கு," என்றார்.

அவர் அப்படித்தான். ஒன்றை நம்பிவிட்டால் கண்ணால் பார்ப்பது அதை ஒன்றும் செய்யாது.

அந்த மழைக்காலத்தில்தான் மெஷின் வந்தது. விற்க வந்தவன் கழுத்தில் டை. தம்பானூர் புழுக்கத்தில் டை கட்டின ஆளை அன்றுதான் நான் கிட்டத்தில் பார்த்தேன். சோப்பு டப்பா அளவு வெள்ளைப் பெட்டி. பின்னால் பிளக். முன்னால் சிறு சிறு ஓட்டைகள், ஒரு நீல விளக்கு, ஒரு திருகு. திருகில் மூன்று படம்: எலி, கரப்பான், கொசு. எதை விரட்ட வேண்டுமோ அதற்குத் திருப்பிக்கொள்ளலாம்.

"மனுஷனுக்குக் கேக்காத சத்தம் வரும் சாரே. எலிக்குக் கேக்கும். தாங்க முடியாம ஓடிரும். மருந்து இல்ல, நாத்தம் இல்ல, சாவு இல்ல," என்றான்.

சாவு இல்லை என்றதும் மானேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் அதிகம் கேள்வி கேட்கிறவன் இல்லை. அன்று ஒன்று கேட்டேன்.

"கேக்காத சத்தம் வருதுன்னு எப்பிடித் தெரியும்?"

"அதுக்குத்தானே நீல விளக்கு," என்றான்.

மானேஜர் என்னைப் பார்த்து, இது கூடத் தெரியாதா என்பது போலச் சிரித்தார்.

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. எங்கள் எலிகள் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் பிறந்தவை. விடிந்ததிலிருந்து ஹாரன், கண்டக்டர் கூச்சல், எதிரே ரயில் நிலையத்தில் மூன்று பாஷையில் அறிவிப்பு. கேட்கிற சத்தம் இத்தனைக்கும் நகராத எலி, கேட்காத சத்தத்துக்கு ஏன் ஓட வேண்டும்? கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும்.

போகும்போது டைக்காரன் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். "ஆரம்பத்துல எலி கொஞ்சம் கூடுதலாத் தெரியும் சாரே. பயந்து வெளிய ஓடும்போது கண்ணுல படும். அது நல்ல லட்சணம்."

அந்த ஒரு வார்த்தையில் மானேஜர் அந்த வருஷத்தை ஓட்டினார். எலி அதிகம் தென்பட்டால் மெஷின் வேலை செய்கிறது. குறைவாகத் தென்பட்டால் மெஷின் வேலை செய்துவிட்டது. இதில் மெஷின் தோற்க வழியே கிடையாது. இப்படி ஒரு வேலை மனிதனுக்குக் கிடைத்தால் ரிட்டயர் ஆகும்வரை உட்கார்ந்து சாப்பிடலாம்.

முதலாளி மலையாளி. வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். வாரம் ஒரு தடவை வருவார், விசிறியைப் பார்ப்பார், விளக்கைப் பார்ப்பார், கரண்ட் சார்ஜைப் பற்றிப் பேசுவார், போவார். மானேஜர் அவரிடம் பேசி அறைக்கு ஒரு மெஷின், மெஸ்ஸுக்கு இரண்டு, பெரிய ஹாலுக்கு ஒன்று என்று வாங்க வைத்தார். பூச்சிமருந்துக் கம்பெனியோடு இருந்த ஒப்பந்தத்தையும் நிறுத்த வைத்தார்.

"இனிமே மருந்து வேண்டாம் சார். இதுக்கு நான் ஜாமீன்," என்றார்.

"ஸ்வாமி பறஞ்ஞால் மதி," என்றார் முதலாளி. சாமி சொன்னால் போதும் என்று அர்த்தம். அந்தச் சொல் அப்போது எல்லாருக்கும் இனித்தது.

விருந்தாளிகள் புகார் சொல்ல வருவார்கள். கவுண்டரில் நின்று நான் கேட்டிருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து மருந்துக் கம்பெனி ரெப் ஒருத்தர் மாசா மாசம் வருவார். ஒரு காலையில் ஒற்றைச் சாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். கட்டைவிரல் பக்கம் காணோம்.

"எலி கடிச்சிருக்கு சார்."

"மெஷின் எரிஞ்சிண்டிருந்துதோ?"

"எரிஞ்சுது."

"நீல விளக்கு?"

"நீலந்தான்."

"அப்ப எலி இல்லை."

"எலி இல்லன்னா இதை யாரு தின்னா? நானா தின்னேன்?"

"அப்படிச் சொல்லலை. சாக்ஸ் பழசோ என்னவோ."

"புதுசு சார். போன வாரந்தான் வாங்கினேன்."

மானேஜர் அவரைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார். நானும் போனேன். மெஷினைப் பார்த்ததும் மானேஜர் முகம் தெளிந்துவிட்டது.

"பாத்தேளா, கரப்பான்ல இருக்கு. எலியில வெச்சிருந்தா வந்திருக்குமோ?"

ரெப்புக்கு அடுத்த மாசமும் அதே அறை. திருகை அவரே எலிக்குத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்தார். காலையில் ஷேவிங் பிரஷில் கரப்பான் உட்கார்ந்திருந்தது.

"எலியில வெச்சிருந்தேளா? அதான்," என்றார் மானேஜர்.

ரெப் மறுபடி வரவில்லை. பக்கத்து லாட்ஜில் அறை எடுத்தார். அங்கே எலி கடித்தால் எலி என்று ஒப்புக்கொள்வார்களாம்.

கரப்பான்களுக்கு மெஷினை ரொம்பப் பிடித்துப்போனது. எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் அல்லவா. மழைக்குளிரில் பெட்டிக்குப் பின்னால் குடும்பத்தோடு ஒதுங்கும். ஒரு நாள் பாக்கியம் ஒரு பெட்டியைப் பிடுங்கித் தட்டினாள். உள்ளேயிருந்து குஞ்சும் குளுவானுமாகக் கொட்டியது.

"இந்தா பாருங்க சாமி, எல்லாம் உங்க பெட்டியிலதான் பெத்துப் பெருகுது. ஆஸ்பத்திரி மாதிரி வெச்சிருக்கீங்க."

"அதுக்குள்ள போய் மாட்டிண்டுருக்கு. சத்தம் தாங்காம மயங்கிப் போயிருக்கு," என்றார் மானேஜர். மயங்கியவை அவர் கால்மேல் ஏறி ஓடின.

பக்கத்தில் ஒரு பேக்கரி. எங்களுக்கும் பேக்கரிக்காரனுக்கும் நடுவே ஒரே சுவர். எங்கள் மெஷின் வந்ததும் உங்கள் எலியெல்லாம் என் கடைக்கு வருகிறது என்று சண்டைக்கு வந்தான். மானேஜருக்கு அன்று இருந்த சந்தோஷம் மகன் கல்யாணத்துக்குக்கூட இருந்திருக்காது. சண்டைக்காரனுக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பேக்கரிக்காரனும் அதே மெஷினை வாங்கி மாட்டினான். இனி அவன் எலிகள் எங்களிடம் வருகின்றன என்றார் மானேஜர். எலிகள் நடுச்சுவருக்குள் இருந்தன. இந்தப் பக்கம் ஒரு சத்தம், அந்தப் பக்கம் ஒரு சத்தம். தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளை செக்போஸ்ட் போலத்தான். அது பாட்டுக்கு அது இருக்கும். போகிறவன் போவான், வருகிறவன் வருவான்.

நவராத்திரி வந்தது. இந்த ஊரில் பூஜைவைப்பு என்று ஒன்று உண்டு. அவரவர் புத்தகத்தையும் ஆயுதத்தையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. மற்ற லாட்ஜ்களில் பேனாவையும் ரசீதுப் புத்தகத்தையும் வைப்பார்கள். எங்கள் மானேஜர் எல்லா மெஷினையும் பிடுங்கிக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்துத் தடவிக் குங்குமம் வைத்தார். கை தாராளம். முன்பக்கத்து ஓட்டையெல்லாம் சந்தனத்தில் மூடிப்போனது.

அந்த நாட்களில் மெஸ் மூடியிருந்தது. எலி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"அதுங்களுக்கும் பூசைவைப்பு போல. வேலைக்கு வரக் காணோம்," என்றாள் பாக்கியம்.

"பழைய சத்தம் இன்னும் சுவர்ல தங்கியிருக்கு. அதாக்கும் காரணம்," என்றார் மானேஜர்.

விஜயதசமியன்று மெஷின்களைத் திரும்ப மாட்டினார். சந்தனம் காய்ந்து ஓட்டையில் இறுகிக் கிடந்தது. பாக்கியம் துடைக்கப் போனாள். பிரசாதத்தைத் துடைக்காதே என்று தடுத்துவிட்டார். அன்று முதல் கேட்காத சத்தத்துக்குச் சந்தனத் திரையும் சேர்ந்தது. மெஸ் திறந்தது. எலிகள் வந்தன. மெஷின் முன்னால் எப்படி வேலை செய்ததோ அப்படியேதான் செய்தது. ஒரு நூல் குறையவில்லை. அதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சிரிப்புத்தான். பிறகு சிரிப்பு நின்றது.

எலி வந்தால் மெஷினைக் குற்றம் சொல்லக்கூடாது. அப்படியானால் வேறு யாரையாவது சொல்ல வேண்டும். முதலில் திருகைச் சொன்னார். பிறகு வோல்டேஜ். பிறகு சுவர். சத்தம் சுவரைத் தாண்டாது, ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று வேண்டும் என்றார். முதலாளி இனி வாங்கமாட்டேன் என்றார். திருகு, வோல்டேஜ், சுவர் எல்லாம் போனபின் மிச்சம் இருந்தது துடைப்பம்.

"சுத்தமா இருந்தா மெஷின் வேலை செய்யும் சார். பருக்கை கிடந்தா மெஷின் என்ன பண்ணும்?" என்று முதலாளியிடம் ஒரு நாள் வாய் தவறிச் சொன்னார். வாய் தவறித்தான். பாக்கியத்தை மனதில் வைத்துச் சொல்லவில்லை. மெஷினுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, சொன்னார்.

முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். அன்றே பாக்கியத்தைக் கூப்பிட்டார். "இனி ஒரு எலி கண்டால் நீ இல்லை. கேட்டோ?" என்றார்.

பாக்கியம் படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள்.

"பாத்தியாண்ணே, எலி பொறக்கறதுக்கும் நாந்தான் பொறுப்பாம்," என்றாள் என்னிடம். வாய் சிரித்தது. கை துடைப்பத்தின் ஈர்க்குச்சியை ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டிருந்தது.

"சாமிகிட்ட சொல்லேன்," என்றேன்.

"சொன்னேன். நீ பயப்படாதே, மெஷின் இருக்கோன்னோங்கறாரு."

மண்டல காலம் வந்தது. சபரிமலைக்குப் போகிற கூட்டம் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு ராத்திரி தங்கி, காலையில் பத்மநாபனைக் கும்பிட்டுவிட்டுப் பம்பை பஸ் ஏறும். அந்த மாதங்களில் லாட்ஜில் தங்குகிற எல்லாரும் சாமி. எங்கள் மானேஜர் மட்டும் வருஷம் முழுக்கச் சாமி.

விருதுநகர்ப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்தது. பெரியவர் ஒருத்தர் குருசாமி. முதல் தடவை மலைக்குப் போகிற கன்னிசாமி ஒருத்தர். லாரி டிரைவர், கதவு நிறைய நிற்கிற உடம்பு. எல்லார் தலையிலும் இருமுடி. பெரிய ஹாலைக் கொடுத்தோம்.

"இருமுடிக் கட்டை எங்க வைக்கலாம்? சுத்தமான இடமா வேணும்," என்றார் குருசாமி.

மானேஜர் தானே போய் இடம் காட்டினார். மெஷினுக்கு நேர் கீழே.

"இங்க வையுங்கோ. திருவனந்தபுரத்திலயே இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது," என்றார்.

பாக்கியம் அந்த இடத்தை இரண்டு தடவை துடைத்துத் துண்டு விரித்தாள். இருமுடிகளை வரிசையாக வைத்தார்கள். நெய் நிறைத்த தேங்காய், பச்சரிசி, அவல், வெல்லம். மேலே நீல விளக்கு. எலிகளுக்கு இலை போட்டு விளக்கும் வைத்தது போல இருந்தது. பாக்கியம் என்னைப் பார்த்தாள்.

விடியற்காலை குளிக்க வெந்நீர் கொண்டுபோனேன். எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். கன்னிசாமியின் இருமுடிக் கட்டில் ஒரு கைப்பிடி அளவு ஓட்டை. பச்சரிசி தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. வெல்லத்தைக் காணோம். மெஷினில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன். பாக்கியமும் பார்த்தாள்.

அத்தனை பெரிய டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். நாற்பத்தோரு நாள் விரதம். எலி வாய் வைத்த கட்டோடு எப்படி மலையேறுவது?

குருசாமி விரதத்தில் கோபப்படக்கூடாது என்றார். கோபப்படாமலே வெகுநேரம் பேசினார். கோபப்பட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

முதலாளிக்கு யாரோ போன் செய்துவிட்டார்கள். அதற்குள் மானேஜரும் குடையோடு வந்து சேர்ந்தார். ஹாலுக்குள் வந்து அரிசியைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். அதன் பக்கத்தில் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டார். திருகு எலியில்தான் இருந்தது. அதை நானும் பார்த்தேன்.

முதலாளி வந்ததும் நேரே மூலைக்குப் போனார். அங்கே ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தது. யாரோ ஒரு சாமி தின்று போட்டது.

"இதாணு காரணம். ஸ்வாமி அன்னே சொன்னாரு, குப்பை கிடந்தா மெஷின் என்ன செய்யும்னு," என்றார். "பாக்கியம், நீ இன்னைக்கு ரூம் ஒழிஞ்ஞு கொடுக்கணும்."

"ராத்திரி அவங்க படுக்கறதுக்கு முன்னாடி கூட்டினேங்க. தோலு அப்புறம் போட்டது," என்றாள் பாக்கியம்.

"எனிக்கு ஒண்ணும் கேக்கண்டா."

குருசாமிக்குச் சங்கடமாகிவிட்டது. "அந்தம்மா மேல தப்பு இல்லீங்க. நாங்க பாக்கத் துடைச்சாங்க," என்றார். முதலாளி காதில் அது விழவில்லை.

பாக்கியம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கீழே மகள் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்திருப்பாள். பாக்கியம் வாசல்வரை போய்விட்டாள்.

"மெஷின் ஆஃப்ல இருந்தது," என்றார் மானேஜர்.

எல்லாரும் திரும்பினோம். இப்போது விளக்கு எரியவில்லை. அவர் கை சுவிட்சின் மேல் இருந்தது.

"ஆஃப்லயா? ஆரு ஆஃப் பண்ணினது?" என்றார் முதலாளி.

"நான்தான். நேத்து சாயங்காலம் கிளம்பும்போது அணைச்சேன்."

"எதினு?"

"கரண்ட் சார்ஜ் கூடறதுன்னு சொல்லிண்டே இருந்தேளே. ஒரு ராத்திரிதானேன்னு அணைச்சேன். மெஷின் ஓடியிருந்தா எலி வந்திருக்காது. பாக்கியம் எத்தனை கூட்டி என்ன, மெஷினை அணைச்சுட்டா?"

முதலாளியிடம் ஏற்கெனவே ஒரு யோசனை இருந்தது எங்களுக்குத் தெரியும். போனிலேயே அறை பதிவு செய்து கொடுக்க ஒரு சின்னப் பையனைக் கவுண்டரில் உட்கார வைக்கலாம் என்று. பழைய ஆளை எப்படி அனுப்புவது என்றுதான் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னால் ஸ்வாமி வீட்டில் இருந்நோளூ," என்றார். அப்படியென்றால் வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள் என்று.

"சரி," என்றார் மானேஜர்.

வேலை போனவர் வீட்டுக்குப் போகவில்லை. டிரைவரையும் குருசாமியையும் கூட்டிக்கொண்டு கோட்டைப் பக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். எலியைப் பற்றிப் புகார் சொல்ல அதைவிடப் பொருத்தமான சன்னதி எது? அங்கே புதுத் துணி, புது அரிசி, புதுத் தேங்காய் வாங்கினார்கள். குருசாமி மந்திரம் சொல்லி நெய் நிறைத்து, கட்டை முதலிலிருந்து கட்டினார். முடிகிறவரை மானேஜர் ஒரு ஓரமாகக் கைகூப்பி நின்றார். டிரைவர் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் காலில் விழப் போனார். மானேஜர் பின்னால் நகர்ந்துவிட்டார். கூட்டம் பம்பை பஸ் ஏறியது.

சாயங்காலம் கண்ணாடிக் கூட்டையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போக மானேஜர் லாட்ஜுக்கு வந்தார். பாக்கியம் படியில் வழிமறித்து நின்றாள்.

"அது எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன். ஏன் சாமி பொய் சொன்னீங்க?"

"எரிஞ்சிண்டிருந்துதுன்னு சொன்னா மெஷினுக்கு ஆயுசுக்கும் கெட்ட பேரு," என்றார். "அணைச்சேன்னு சொன்னா எனக்கு மட்டும்தானே."

"மெஷினுக்காகவா சொன்னீங்க?"

"பின்னே?"

பாக்கியம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பார்க்கவில்லை. டிபன் டப்பாவின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகளை ஒழுங்காப் படிக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அப்புறம் அவரை நான் அதிகம் பார்க்கவில்லை. வலியசாலைத் தெருவில் ஒரு தடவை. லாட்ஜைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெங்களூரில் மகனோடு இருக்கப் போவதாகச் சொன்னார். மகன் வீட்டில் எலி இருக்கிறதா என்று கேட்க நாக்கு வரை வந்தது. விட்டுவிட்டேன்.

முதலாளி பழைய பூச்சிமருந்துக் கம்பெனியையே கூப்பிட்டார். அவர்கள் வந்து நடுச்சுவரில் ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். வடிகாலுக்கு வலை போட்டார்கள். மெஸ் அரிசியை மூடி போட்ட டிரம்முக்கு மாற்றச் சொன்னார்கள். எலி குறைந்தது. இதற்கு நீல விளக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

பாக்கியம் இப்போதும் இருக்கிறாள். மகள் படிப்பை முடித்து மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போகிறாள். அம்மாவை வேலையை விடச் சொல்கிறாள். பாக்கியம் விடவில்லை.

மெஷின்களை முதலாளி கழற்றவில்லை. தங்க வருகிறவர்கள் பார்த்தால் ஒரு திருப்தி என்கிறான் கவுண்டரில் இருக்கிற புதுப் பையன். சில பேர் பெட்டியை வைத்துவிட்டு நீல விளக்கைப் பார்ப்பார்கள். இது வேலை செய்யுமா அண்ணாச்சி என்று என்னிடம் கேட்பார்கள்.

செய்யும் என்பேன். பொய் இல்லை. நான் பார்த்து இந்த லாட்ஜிலிருந்து அது ஒருத்தரை விரட்டியிருக்கிறது.